எம்டன் பேர் தெரியும், நம்ம ஆள் பேர்?

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, வேதாளை, பாம்பன் என்று நம் கரை நெடுக இருக்கிற ஜமாஅத் பெரியவர்களுக்கும் மீனவர் சங்கத்துக்காரர்களுக்கும் தேவிபட்டினத்திலிருந்து ஒருவன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலை நாம் இன்னும் மறக்கவில்லை. கெட்டிக்காரப் பயலைப் பார்த்தால் 'சரியான எம்டன்' என்கிறோம். சுட்டவன் பேர் நம் பேச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த சண்டையில், அதாவது இரண்டாம் உலகப் போரில், அதே கடலில் செத்துப்போன நம் ஊர்ப் பையன்களின் பேர், அவரவர் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

என் வாப்பாவின் சாச்சா (சித்தப்பா) 17 வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு போனவர். சொந்தக்காரர் கடையில் இரண்டு வருஷம் மூட்டை தூக்கினார், அப்புறம் சரக்குக் கப்பல் ஒன்றில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கடையில் கிடைக்காத கூலி கப்பலில் கிடைத்திருக்கும். அதுவும் பெரிய கூலி இல்லை, வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்குதான். 1939இல் சண்டை தொடங்கியதும் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்து, சிலர் ஜெயிலுக்கும் போய்த்தான் கொஞ்சம் கூட்டி வாங்கினார்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் நாட்டு ஆள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அவருடைய கடைசிக் கடிதம் 1942 தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து வந்தது. அந்த ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டான், சில நாளுக்குள் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தான். கரி அள்ளுகிறவன் இருப்பது கப்பலின் அடிவயிற்றில், கொதிகலன் பக்கத்தில். மேலே வர ஏணிதான் வழி. பினாங்கு வரைக்கும் போனவர் கடைசியில் நம்ம கடலிலேயே போய்ச் சேர்ந்தார்.

சேதி வர ஒன்றரை வருஷம் ஆனது. பள்ளிவாசலில் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா என்கிற இறுதித் தொழுகை தொழுதார்கள், மையவாடியில் (அடக்கத்தலத்தில்) அவருக்குக் கபர், அதாவது கல்லறை, கிடையாது. அவருடைய உம்மா அதற்குப் பிறகு கடல் மீனைத் தொடவே இல்லையாம். கடற்கரையில் இருந்துகொண்டு கண்மாய் மீனுக்கு ஆள் அனுப்புகிற கிழவி என்று ஊரில் கேலிகூட உண்டு, எதற்காக என்று தெரியாதவர்கள் செய்த கேலி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடலைத் தவிர வேறு கபர் இல்லாத இந்திய மாலுமிகளின் பேரை ஒரு புத்தகமாக எழுதி மும்பையில் மாலுமிகள் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள், இன்னொரு பிரதி சிட்டகாங்கில் இருக்கிறது. வணிகக் கப்பல்காரர்கள் மட்டும் ஏறக்குறைய 6,000 பேர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அதையே காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். பலருக்கு வாப்பா பேரும் ஊர்ப் பேரும் உண்டு. ஆனால் அதெல்லாம் யாரோ ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியது. அந்த எழுத்துக்கூட்டைப் பார்த்து இது நம்ம ஊர், இது இன்னார் வீடு என்று லண்டனில் இருப்பவனால் சொல்ல முடியாது. உங்களால் முடியும், அதுவும் எண்பது தாண்டிய ஆட்கள் இன்னும் நாலு பேராவது திண்ணையில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான்.

நினைவுத்தூண், திறப்பு விழா எதுவும் இப்போது கேட்கவில்லை. பழைய நிக்காஹ் பதிவேடுகளைத் திறந்து காட்டுங்கள், கப்பலுக்குப் போய்த் திரும்பாத ஆள் எந்தெந்த வீட்டில் என்று ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு தடவை கேளுங்கள், குப்பத்திலும் கேளுங்கள். மடிக்கணினியோடு நான் வந்து உட்காருகிறேன். பேர் சொல்கிறவர்கள் அவருடைய வாப்பா பேரையும் மறக்காமல் கேட்டுவரட்டும், அது இல்லாவிட்டால் அத்தனை அப்துல் காதரில் நம்ம ஆள் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது.