தகரக் குழல் பற்றி கல்யாணிக்கு

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குப் புனேக்கு மாற்றலாகிவிட்டது. மாலை நேரம் எனக்குப் பாட்டோடுதான் போகிறது.

நான் அனுப்பிய தென்னாப்பிரிக்கக் குழலிசையைக் கேட்டுவிட்டு, "அந்த இனவெறி ஆட்சியில் இருந்துகொண்டு எப்படி இவ்வளவு குதூகலமாக வாசித்தார்கள்?" என்று கேட்டிருந்தாய். கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை.

குவேலா என்பார்கள் அந்த இசையை. ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா போன்ற கறுப்பினக் குடியிருப்புகளில் 1950களில் செழித்தது. ஆறு துளை உள்ள தகரக் குழல்தான் ஏழைப் பையன்களுக்கு எட்டிய வாத்தியம். கூடவே ஒரு கிதார். தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டு ஒற்றைக் கயிறு கட்டிய பாஸ், அதாவது கீழ்ச்சுரம் தரும் வாத்தியம். தெருமுனையில் நின்று வாசித்துச் சில்லறை சேர்ப்பார்கள்; போலீஸ் தலை தெரிந்தால் ஓட வேண்டியதுதான்.

அந்தக் குழலை எல்லோரையும்போல நேராக வைத்து ஊதினால் மெல்லிய கீச்சொலிதான் வரும். இவர்கள் அதைப் பக்கவாட்டில் திருப்பி, சாய்த்து, வாய்க்குள் இன்னும் தள்ளி வைத்து ஊதினார்கள். தொனி தடித்தது, சுரத்தை இழுக்கவும் வளைக்கவும் இடம் கிடைத்தது. அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளில் கேட்ட சாக்ஸபோனின் கொஞ்சலை அந்தத் தகரத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள்! கிதார் சில கோர்டுகளையே, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளையே, ஓயாமல் சுற்றிவருகிறது. குழல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன மாறுதல் செய்கிறது. அடுத்த சுற்றில் என்ன செய்யப்போகிறான் என்று காத்திருக்கும்போதே நம் கால் தாளம் போடத் தொடங்கிவிடும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 'டாம் ஹார்க்' என்ற குவேலா இசைத்தட்டின் தொடக்கத்தில் சிலர் பேசுவது கேட்கிறதல்லவா? தெருவில் பகடை ஆடுகிறவர்கள் அவர்கள். போலீஸ் வண்டி வருகிறது என்றதும் ஆட்டத்தை மறைத்துக் குழலைக் கையில் எடுக்கிறார்கள், பாட்டு பிறக்கிறது. போலீஸை மறந்துவிட்டு வந்த சந்தோஷம் இல்லை கல்யாணி, அவர்கள் கண்ணெதிரிலேயே வாசித்துக் காட்டிய சந்தோஷம். எனக்கு இந்த இசைமேல் உள்ள மரியாதையெல்லாம் அதனால்தான்.

அந்தப் பாட்டு 1958இல் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. வாசித்த ஜாக் லெரோலேவுக்கோ கையில் வந்தது சொற்பம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 1954இல் முதல் இசைத்தட்டு வெளியிட்ட இன்னொரு குழல் கலைஞர் ஸ்போக்ஸ் மாஷியானேயின் நிலைமை கொஞ்சம் தேவலை: 1958இல் காலோ இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறியபோது விற்பனையில் பங்கு பெற்றார். கறுப்பினக் கலைஞருக்கு அன்று அது அபூர்வம். ஆனால் நாற்பது வயதைக்கூடத் தொடாமல் 1972இல் இறந்துபோனார்.

1960களில் சாக்ஸபோன் வந்து குழலை ஓரங்கட்டியது. மலாவியில் மட்டும் டொனால்ட் கச்சாம்பா போன்றவர்கள் விடாமல் வாசித்தார்கள்.

அடுத்து ஸ்போக்ஸின் 'ஏஸ் புளூஸ்' கேள். போனில் கேட்காதே, பாஸ் காதில் விழாது. உன் மருமகனின் பெரிய ஸ்பீக்கரைப் போடச் சொல். கேட்டதும் எழுது.

அன்புடன்,
பத்மா