சிறுகதைப் போட்டி விதியும் செயற்கை நுண்ணறிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுகதைப் போட்டி அறிவிப்பில், செயற்கை நுண்ணறிவின் உதவி எவ்வகையிலும் பெறப்பட்டிருக்கக் கூடாது என்றொரு விதியைக் கண்டேன். அதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. கிளார்க்ஸ்வேர்ல்ட் என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால், 2023 பிப்ரவரியில் படைப்புகள் பெறுவதையே சில காலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. அந்த நிலை தங்களுக்கு வர வேண்டாம். ஆயினும் 'எவ்வகையிலும்' என்ற சொல், கதையை எழுதித் தரச் சொல்பவரையும், தாமே எழுதியதைக் காட்டிக் கருத்துக் கேட்பவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. இவ்விரண்டையும் நான் செய்து பார்த்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, வட்டிக்கடைகளை அப்படியே விட்டுவிட்டு அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே ஊர் திரும்பியவர்களின் குடும்பங்கள் எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் பல உண்டு. அப்படிப் பர்மா சென்ற ஒருவரிடமிருந்து தகவல் வராமல், தேவகோட்டையில் வளவு எனப்படும் வீட்டின் உள்முற்றத்தில் காத்திருக்கும் ஓர் ஆச்சியைப் பற்றியது என் கதை. முதல் காட்சியைச் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதச் சொன்னேன். தேக்குத் தூண், ஆத்தங்குடித் தளக்கல், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வரிசையாக வந்தன. ஆச்சி மட்டும் வரவில்லை. அறுபதாம் கல்யாணப் பந்தியில் கோழி மிளகு வறுவல் பரிமாறப்பட்டது! முன்வந்த சொற்களுக்கு அடுத்து எது வர வாய்ப்பு மிகுதி என்று கணித்துச் சொல்வதே இக்கருவிகளின் வேலையாதலால், செட்டிநாடு என்றதும் உணவகப் பலகையும் சுற்றுலா விளம்பரமும் முன்னே வந்து நின்றதில் வியப்பில்லை. பிழை திருத்தக் கொடுத்தபோது நேர்ந்தது இன்னும் மோசம். எங்களிடையே அப்பச்சி என்றால் தந்தை. இயந்திரம் அதைத் தாத்தா என்று மாற்றியதில், பர்மா போன தகப்பனார் ஒரே நொடியில் தலைமுறை தாண்டிவிட்டார். 'வந்தாக', 'போனாக' எல்லாம் 'வந்தார்கள்', 'சென்றார்கள்' ஆயின. அவற்றையெல்லாம் பழையபடி மீட்க எனக்கு ஒரு பகல் பிடித்தது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். ஒரு வரிகூட எழுதக் கூடாது, திருத்தக் கூடாது, கதையைப் படித்துவிட்டுக் கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்று கட்டளையிட்டேன். இருபது கேள்விகள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை எந்தக் கதைக்கும் பொருந்தும் வெற்றுக் கேள்விகள். ஒன்று மட்டும் என்னை நிறுத்தியது: 'அந்த அம்மையாருக்குப் படிக்கத் தெரியுமா, ரங்கூன் கடிதத்தை அவருக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்?' எழுதிய எனக்கே அது தோன்றவில்லை. விடை கேட்டு, எண்பத்தெட்டு வயதாகும் என் பெரியம்மாவிடம் போனேன். "எங்க ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. கணக்கப்பிள்ளைதான் வாசிப்பாரு. ஆனா 'க்ஷேமம்'னு எழுதுனா எப்படி இருக்கும்னு மட்டும் கண்ணுல பதிச்சு வச்சிருந்தாக. அவரு வர்றதுக்கு முன்னாடியே காகிதத்தைப் பிரிச்சு, அது இருக்கான்னு பாத்துக்கிருவாக," என்றார். என் கதை அந்த ஒற்றைச் சொல்லின் வடிவத்தைச் சுற்றி முழுவதுமாக மாறிப்போனது. அதை இயந்திரம் தந்ததாக நான் கருதவில்லை, பெரியம்மா தந்தது. எனினும் அவர் வீட்டுத் திண்ணைக்கு என்னை அனுப்பியது அந்தக் கேள்விதான் என்பதை மறைக்கவும் மனம் ஒப்பவில்லை.

பிற நாடுகளிலும் இந்தக் கோடு எளிதாகப் போடப்படவில்லை. 2023இல் வேலைநிறுத்தம் செய்த ஹாலிவுட் திரைக்கதையாசிரியர்கள், இயந்திரத்தை எழுத்தாளராகக் கணக்கிடக் கூடாது, நிறுவனம் அதைப் பயன்படுத்துமாறு கட்டாயப்படுத்தக் கூடாது, நிறுவனம் இசைந்தால் எழுத்தாளர் தாமே பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தம் பெற்றார்கள். நம் பதிப்புரிமைச் சட்டமோ, 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கணினி உருவாக்கும் இலக்கியப் படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரையே ஆசிரியர் என்கிறது. ஒரு வரி தட்டிவிட்டு ஆசிரியராகிவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்வாரும் இருப்பர். முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டுரை ஏடு திருத்திய எனக்கு அது சம்மதமில்லை.

மென்பொருளைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்று தாங்கள் எண்ணியிருந்தால், அதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் குறைவு என்று கூறி 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. இதற்கு மாறாக, எந்த உதவியை எதற்காகப் பெற்றார் என்று எழுத்தாளரிடம் ஒப்பமிட்ட தாள் ஒன்று வாங்கலாம். இயந்திரம் எழுதிய வாக்கியம் கதைக்குள் இருக்கக் கூடாது என்று திட்டவட்டமாக விதிக்கலாம். இறுதிச் சுற்றுக்கு வருவோரிடம் முன்வரைவுகளைக் கேட்கலாம். வரைவு இல்லாமல் கதை எழுதுபவர் அரிது.

என் கதையின் நான்கு வரைவுகளும் அந்த இருபது கேள்விகளின் அச்சுப்படியும் கோப்பில் உள்ளன. இப்போதைய விதிப்படி அக்கதையை அனுப்ப எனக்குத் தகுதியில்லை என்பதால் அனுப்பவில்லை. போட்டியின் கடைசித் தேதிக்கு முன்னர் இதுகுறித்துத் தங்கள் விளக்கத்தை இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தேவகோட்டை, சிவகங்கை மாவட்டம்.