உப்பைக் குறைக்க உணவங்காடிகள் உதவட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இதய நலம் என்றதும் எண்ணெயையும் சர்க்கரையையும் பற்றிப் பேசும் நாம், ரத்த அழுத்தத்தை உயர்த்தி நாளடைவில் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும் உப்பை எளிதில் மறந்துவிடுகிறோம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில், கேட்காமலேயே சோற்றின்மீது இரண்டு கரண்டி மீன்குழம்பை ஊற்றி, ஓரத்தில் ஊறுகாயும் அப்பளமும் வைத்துத் தரும்போது, அந்த அளவில் பெரும்பகுதி ஒரே வேளையில் சேர்ந்துவிடக்கூடும். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுக்கும் வழக்கத்தைக் கடைக்காரர்கள் மேற்கொண்டால், வேண்டிய அளவை உண்பவரே தீர்மானித்துக்கொள்ளலாம். ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டுவதில்லை என்பதால், 40 வயதை எட்டியவர்கள், நோய்த்தடுப்புக்கான ‘ஹெல்தியர் எஸ்ஜி’ அரசுத் திட்டத்தில் தாங்கள் பதிந்துகொண்ட மருத்துவ நிலையத்தில், தலைசுற்றல் வரும்வரை காத்திராமல் ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்