யாப்புச் சொற்களைக் காதின் வழியே கற்பியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளங்கலை ஆங்கில இலக்கியத்தில் சேரும் மாணவர்களில், குறிப்பாகத் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வருபவர்களில், பலருக்கு முதல் பருவத்திலேயே மலைப்பைத் தருபவை மெட்டாஃபர் (உருவகம்), மெட்டானமி (தொடர்புடைய ஒன்றின் பெயரால் மற்றொன்றைக் குறிப்பது), ஐயாம்பிக் பென்டாமீட்டர் (ஐந்து சீர் கொண்ட ஓர் அடியளவு) போன்ற கலைச்சொற்களே. இவற்றின் இலக்கணத்தைக் கைடு பார்த்து மனப்பாடம் செய்து, இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் பிழையின்றி எழுதிவிடும் மாணவர், ஒரு கவிதை அடியைக் கையில் கொடுத்து அதன் சந்தத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னால் திகைத்து நிற்பதை என் பணிக்காலம் முழுவதும் கண்டு வருந்தியிருக்கிறேன். இது மாணவரின் குறை அன்று. காதால் கற்க வேண்டியதை நாம் கண்ணால் மட்டுமே கற்பிக்கிறோம்.

ஆங்கில யாப்பு அசையழுத்தத்தின்மேல் நிற்பது. தமிழில் அழுத்தத்தை மாற்றிச் சொன்னால் சொல்லின் பொருள் மாறுவதில்லை என்பதால், நம் மாணவர்கள் ஆங்கிலச் சொல்லின் எல்லா அசைகளையும் ஒரே சீராக ஒலிக்கிறார்கள். 'ரெக்கார்ட்' என்ற சொல்லை முதல் அசையில் அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாம் அசையில் அழுத்தினால் வினைச்சொல் என்பதை வாய்விட்டுச் சொல்ல வைத்தாலே போதும்; முன்னதன் ஓசைதான் டிரோக்கி, பின்னதன் ஓசைதான் ஐயாம்ப் என்பது அப்போதே விளங்கிவிடும். அதன்பின் ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் சானட்டின் (பதினான்கு அடிக் கவிதையின்) முதலடியான 'ஷல் ஐ கம்பேர் தீ டு எ சம்மர்ஸ் டே' என்பதை மேசையில் தட்டிக்கொண்டே படிக்கச் சொன்னால், பத்து அசைகளில் ஐந்து தட்டு விழுவதை அவர்களே எண்ணிச் சொல்வார்கள்; அதுதான் ஐயாம்பிக் பென்டாமீட்டர்.

தேமா, புளிமா என்று பள்ளியில் சீர் பிரித்துப் பழகியவர்களுக்கு அசை, சீர், அடி என்ற படிநிலை புதிதல்ல என்பது நமக்குப் பெரிய வசதி. ஆயினும் இந்த ஒப்புமையை எங்கே நிறுத்துவது என்பதையும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டும். 'மலர்' என்பது நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அதில் 'ம', 'லர்' என இரண்டு சிலபிள்கள் (ஒலியசைகள்) இருக்கின்றன. அதேபோல் ரைம் என்றால் எதுகை என்று எழுதிவிடுகிறார்கள். 'அகர முதல' என்று தொடங்கும் குறளில் 'அகர', 'பகவன்' என இரண்டாம் எழுத்து ஒன்றி, அடியின் தொடக்கத்தில் வருவது எதுகை. மேற்சொன்ன சானட்டின் முதலடியும் மூன்றாம் அடியும் 'டே', 'மே' என்று முடிவதோ அடியின் இறுதியில் நிகழ்வது. அதற்கு நெருக்கமான தமிழ்ச்சொல் இயைபு. மோனையை அலிட்டரேஷனோடு (சொற்களின் முதலொலி ஒன்றி வருவதோடு) இணைத்துக் காட்டுவதில் இவ்வளவு இடர் இல்லை.

அணிகளில் நம் இலக்கணம் இன்னும் பெரிய துணை. மெட்டானமியையும் சினெக்டகியையும் (உறுப்பின் பெயரால் முழுமையைக் குறிப்பதையும்) குழப்பிக்கொள்ளாத மாணவர் அரிது. ஆனால், 'ஊர் சிரித்தது' என்பது இடவாகுபெயர், 'தலைக்குப் பத்து ரூபாய்' என்பது சினையாகுபெயர் என்று பள்ளியிலேயே படித்தவர்கள் இவர்கள். அரசரையும் அரசாட்சியையும் 'கிரவுன்' என்று சொல்வது ஆகுபெயரைப் போன்றது என்றும், கப்பலில் மாலுமிகளைக் 'கைகள்' என்று அழைப்பது சினையாகுபெயரே என்றும் சொன்னால் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஐரனிக்கு (முரண்நகைக்கு) வஞ்சப்புகழ்ச்சி என்று மட்டும் பொருள் சொல்வது போதாது. நாடகத்தில் பாத்திரம் அறியாததைப் பார்ப்பவர் அறிந்திருக்கும் நிலையும் ஐரனியே.

பிளாங்க் வெர்ஸும் (ரைம் இல்லை, சீரளவு உண்டு) ஃப்ரீ வெர்ஸும் (சீரளவுக் கட்டும் இல்லை) ஒன்றென்று எழுதும் பிழையையும் குறிப்பிட்டாக வேண்டும். 1667-இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' ரைமைத் துறந்ததே தவிர, ஐந்து சீர் அளவைத் துறக்கவில்லை. 1855-இல் முதற்பதிப்பு கண்ட, அமெரிக்கக் கவிஞர் விட்மனின் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' அந்த அளவையும் விட்டுவிட்டது. இரண்டிலிருந்தும் பத்துப் பத்து அடிகளை அடுத்தடுத்து உரக்கப் படித்தால் வேறுபாடு காதிலேயே விழும்.

எனவே பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். இக்கலைச்சொற்களுக்கு இலக்கணம் கேட்கும் வினாக்களைக் குறைத்து, மாணவர் முன்பின் பார்த்திராத எட்டு அல்லது பத்து அடிகளைத் தந்து, அவற்றில் எந்த அணி வருகிறது, அது அங்கே என்ன செய்கிறது என்று கேளுங்கள். முதல் பருவத்தின் தொடக்க வாரங்களை உரக்கப் படிக்கும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அவற்றுள் ஓரிரு வகுப்புகளையாவது தமிழ்த்துறை ஆசிரியரும் ஆங்கிலத்துறை ஆசிரியரும் சேர்ந்து நடத்த இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
திருநெல்வேலி.