கம்யூனிட்டி காலேஜை ஒரே வரியில் ஒதுக்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் நம் நாளிதழின் உயர்கல்வி இணைப்பில், அமெரிக்காவில் படிக்க விரும்புகிறவர்களுக்கான கட்டுரை ஒன்று வந்திருந்தது. விசா, கட்டணம், தேர்வுகள் என்று பல விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கம்யூனிட்டி காலேஜ்கள் எனப்படும், உள்ளூர் மக்களுக்கான இரண்டாண்டுக் கல்லூரிகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான். அவை இரண்டாம் தரமானவை, தவிர்ப்பது நல்லது என்று முடித்துவிட்டார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அப்படி ஒரு கல்லூரியின், அதுவும் அதன் மிகச் சிறிய கிளை ஒன்றின் மாணவி நான். அங்கே படித்ததால்தான் இன்று ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன்.

2003-இல் தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தேன். திருமணத்துக்குப் பிறகு 2009-இல் கணவருடன் ஓஹயோ மாநிலத்துக்கு வந்தேன். கொலம்பஸ் நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. கணவருக்கு எச்-1பி என்ற வேலை விசா, எனக்கு அவருடைய துணைவருக்கான எச்-4 விசா. அந்த விசாவில் அப்போது வேலை பார்க்கவே முடியாது. கிரீன் கார்டு மனுவுக்கு ஒப்புதல் கிடைத்த எச்-1பி ஊழியர்களின் துணைவருக்கு வேலை அனுமதி தரும் விதி 2015-இல்தான் வந்தது. ஆனால் எச்-4 விசாவில் படிப்பதற்குத் தடை எதுவும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. இது எனக்கு ஏழு வருடம் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தது, நான் வீட்டுக்குள் இருந்தேன்.

2016-இல் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலாகப் போனேன். கல்லூரி என்று சொன்னால் நாம் மனத்தில் வரைந்துகொள்ளும் எதுவும் அங்கே கிடையாது. வளைவு இல்லை, மைதானம் இல்லை, விடுதி இல்லை. ஒரே மாடி, முன்னால் பெரிய பார்க்கிங், உள்ளே நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் பதினைந்து பதினாறு அறைகள், அவ்வளவுதான். பிரதானக் கல்லூரி நாற்பது மைல் தள்ளி இருந்தது. முன் மேசையில் இருந்த அம்மா ஒருவர்தான் அந்தக் கிளையின் அலுவலகமே. விண்ணப்பம், கட்டணம், அடையாள அட்டை, தொலைந்துபோன குடை, எல்லாவற்றுக்கும் அவர்தான். "பதிமூன்று வருடமாகப் படிப்பு விட்டுப்போச்சு" என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து, ஒரு படிவத்தை எடுத்து, "முதலில் ஒரே ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள்" என்றார். அந்த யோசனைக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

விண்ணப்பித்த யாரையும் இந்தக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளும். இதைத்தான் பலர் தரக்குறைவு என்று நினைக்கிறார்கள் போலும். சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் நேராக வகுப்பில் உட்கார வைத்துவிட மாட்டார்கள். முதலில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஒரு தேர்வு. ஆங்கிலம் சமாளித்துவிட்டேன். கணக்கில் இயற்கணிதத்தை அடியிலிருந்து படிக்கச் சொன்னார்கள். முப்பத்து நான்கு வயதில், பதினேழு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து சமன்பாடு போட்டேன். அந்தப் பையன் உண்மையில் பள்ளி மாணவன். ஓஹயோவில் 'காலேஜ் கிரெடிட் பிளஸ்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தகுதியுள்ள மாணவர்கள் கல்லூரிப் பாடங்களையும் எடுக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அரசுக் கல்லூரியில் எடுத்தால் கட்டணமும் இல்லை, புத்தகச் செலவும் இல்லை. எனக்கு இந்தப் பக்கம் அவன் என்றால், அந்தப் பக்கம் தொழிற்சாலை மூடப்பட்டு வேலை இழந்த ஐம்பத்தெட்டு வயது அம்மா. இப்படி ஒரு வகுப்பறையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அந்த நடையில் மாலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால்தான் அந்தக் கல்லூரி என்னவென்று புரியும். பகல் வேலை முடிந்து வெல்டிங் படிக்க வருகிறவர்கள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவார்கள். எதிர் அறையில் ஆங்கிலம் கற்கும் புலம்பெயர்ந்தவர்கள். அடுத்த அறையில், முதியோர் இல்லங்களில் உதவியாளராக வேலை பார்க்கப் பயிற்சி. அதற்கு மத்திய அரசின் விதிப்படி குறைந்தது 75 மணி நேரம் வேண்டும், சில வாரங்களில் முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நடையின் கடைசியில் ஒரு மைக்ரோவேவும் நான்கு மேசைகளும் உள்ள அறை. அங்கேதான் எங்கள் கேன்டீன், நூலகம், நட்பு எல்லாம். ஒரு மூலையில் அலமாரி. அதில் டப்பா உணவு, அரிசி, சோப்பு எல்லாம் இருக்கும், தேவைப்படுகிறவர்கள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். பசியோடு படிக்க வருகிறவர்கள் இந்த நாட்டிலும் இருக்கிறார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த அலமாரியைப் பார்த்துத்தான்.

சரி, படிப்புக்கு வருகிறேன். நான் எடுத்தது மெடிக்கல் லேப் டெக்னீசியன் படிப்பு. இது அசோசியேட் டிகிரி என்று சொல்லப்படும் இரண்டாண்டுப் பட்டம். பொதுவாக 60 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) அளவில் இருக்கும், எங்களுக்குச் சற்றுக் கூடுதல். உடற்கூறியல், வேதியியல், நுண்ணுயிரியல், ஆங்கிலம் போன்றவற்றைக் கிளையிலேயே முடித்தேன். தொழில் சார்ந்த பாடங்களுக்கு மட்டும் பிரதானக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது.

உடற்கூறியல் லேபில் ஒரு நாள் செம்மறியாட்டின் இதயத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். பலர் கத்தியை எடுக்கவே தயங்கினார்கள். பி.எஸ்ஸி.யில் கரப்பானும் தவளையும் அறுத்த கை என்னுடையது. பதிமூன்று வருடம் கழித்தும் அது மறக்கவில்லை. இடது கீழறையின் சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்று நான் வெட்டிக் காட்ட, பக்கத்து மேசைக்காரர்கள் வந்து சுற்றி நின்றார்கள். பெட்டிக்குள் கிடந்த என் பட்டத்துக்கு அன்றுதான் உயிர் வந்தது. நுண்ணுயிரியல் வகுப்பில் நாங்கள் பதினொரு பேர்தான். ஆளுக்கொரு மைக்ராஸ்கோப். ஊரில் படித்தபோது வரிசையில் நின்று ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இங்கே சாயமேற்றிய பாக்டீரியா ஊதாவாகத் தெரிகிறதா, இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா என்று கண் வலிக்கும் வரை பார்க்க முடிந்தது.

எங்களுக்கு ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் பகலில் மருத்துவமனையில் வேலை செய்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருவார். முதலில் ரப்பர் கையில் பயிற்சி. அப்புறம் ஒருவருக்கொருவர். அந்த ஐம்பத்தெட்டு வயது அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டு, "என் கையில் குத்து, எனக்குப் பயமில்லை" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் கையில்தான் நான் முதன்முதலாக ஊசி போட்டேன். ரத்தம் சேகரிக்கும் டியூப்களில் எதற்குப் பின் எது என்பதில் ஒரு வரிசை உண்டு. வெளிர்நீல மூடி முன்னால், ஊதா மூடி பின்னால். இதை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு அந்த ஆசிரியை நகர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஊதா மூடி டியூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் துளி அளவு அடுத்த டியூபுக்குள் போனாலும் பொட்டாசியம் பொய்யாகக் கூடியும் கால்சியம் பொய்யாகக் குறைந்தும் தெரியும், அந்தத் தவறான எண்ணை நம்பி ஒரு மருத்துவர் சிகிச்சையை மாற்றிவிடக்கூடும் என்று விளக்கினார். இன்று ஆய்வகத்தில் சந்தேகத்துக்குரிய பொட்டாசியம் அளவைப் பார்க்கும்போதெல்லாம் ரத்தம் எடுத்த வரிசையைத்தான் முதலில் விசாரிக்கிறேன். இதைக் கற்ற இடத்தை இரண்டாம் தரம் என்று எப்படிச் சொல்ல?

குறைகளும் இருந்தன. உடற்கூறியல் இரண்டாம் பாகத்துக்கு ஏழு பேர்தான் பதிவு செய்தோம் என்று, தொடங்க நான்கு நாள் இருக்கும்போது அந்த வகுப்பை ரத்து செய்தார்கள். பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் இரண்டு நாள் நாற்பது மைல் போய், நாற்பது மைல் வந்தேன். டிசம்பர் பனியில் அந்தச் சாலையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பாதிப் பேருக்குமேல் பகுதிநேர ஆசிரியர்கள். தனி அறை கிடையாது, சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் நடையில் இருக்கும் மேசையில்தான். சிறிய கிளைகளில் படிக்கிறவர்கள் இதையெல்லாம் தாங்கித்தான் படிக்கிறார்கள். அதை மறைத்து நான் விளம்பரம் எழுதவில்லை.

கட்டணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகை எச்-4 விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. முழுவதும் கைப்பணம்தான். ஆனாலும் பாடம் பாடமாக, தவணை தவணையாகக் கட்டிப் படிக்க முடிந்தது. பல்கலைக்கழகம் என்றால் என்னால் நினைத்தே பார்த்திருக்க முடியாது. உள்ளூர்வாசிகளுக்கான குறைந்த கட்டணம் யார் யாருக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் முடிக்கும் எண்ணம் இருந்தால், நாம் எடுக்கும் ஒவ்வொரு பாடத்தையும் அந்தப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இதைப் பார்க்காமல் ஒரு வருடப் படிப்பை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

2019-இல் படிப்பை முடித்து, சான்றிதழ்த் தேர்வும் எழுதினேன். நூறு கேள்வி, இரண்டரை மணி நேரம். வேலை அனுமதி அதற்குள் வந்திருந்தது. என் அப்பா ஊரில் எல்லாரிடமும் "மக அமெரிக்காவில யுனிவர்சிட்டியில படிக்கிறா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இங்கேயும் சில தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை அங்கே படிப்பதை வெளியே சொல்வதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. இந்தக் கல்லூரிகள் நேற்று முளைத்தவை அல்ல. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901-இல் ஆறு மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி இன்றும் நடக்கிறது. அதிபரின் மனைவியாக வெள்ளை மாளிகையில் இருந்தபோதும் ஜில் பைடன் வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜில் ஆங்கிலம் கற்பிப்பதை விடவில்லை. நம் பக்கத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-லேயே சமுதாயக் கல்லூரி தொடங்கியிருக்கிறது. மதிப்பாகச் சொல்லிக்கொள்ள இவ்வளவு இருக்கும்போது நாம் ஏன் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும்?

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. காலேஜ் கிரெடிட் பிளஸ் திட்டத்தில் அதே கிளையில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் எடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை மாலை அவளைக் கொண்டுபோய் விடும்போது முன் மேசை அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார். உள்ளே புதிதாக ஒரு தமிழ்ப்பெண்ணையும் பார்த்தேன். பொறியியல் படித்தவர், வந்து ஐந்து வருடம் ஆகிறதாம். எச்-4 விசாவில் படிக்கலாம் என்பது போன மாதம்தான் தெரிந்தது என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த கல்வி இணைப்பில் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். மாணவர்களுக்காக மட்டும் அல்லாமல், துணைவராக விமானம் ஏறி வந்து வீட்டுக்குள் இருக்கும் பட்டதாரிப் பெண்களுக்காகவும் எழுதுங்கள். அங்கீகாரம் உள்ள கல்லூரியா என்று பார்ப்பது எப்படி, எந்த விசாவில் எதைப் படிக்கலாம், பாடங்களை எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதை விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுப் போடுங்கள். என் முகவரியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், என்னால் ஆன தகவலையும் தருகிறேன். இங்கே புதிய கல்வியாண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், பதிவு அதற்குப் பல வாரங்கள் முன்பே திறந்துவிடும். கட்டுரை ஏப்ரலுக்குள் வந்தால் பலருக்கும் நேரத்தோடு உதவும்.

இப்படிக்கு,
ஓஹயோவிலிருந்து ஒரு வாசகி