கனத்த பிளேட் அறுபடவில்லை என்றால் முதலில் கேஸைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துப் பட்டறைகளில் சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும்) கேஸ் கட்டிங் மெஷின் வைத்திருப்போருக்காக இதை எழுதுகிறோம். 10, 12 மி.மீ. பிளேட்டை எல்லாரும் நன்றாகவே வெட்டுகிறார்கள். 50 மி.மீ.க்கு மேல் போனால்தான் தகராறு. பாதி வழியில் வெட்டு விட்டுப்போகிறது, அடியில் கசடு ஒட்டிக்கொள்கிறது. உடனே புரோகிராமில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் வெளியூரிலிருந்து சர்வீஸ் ஆளை வரவழைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. சிலிண்டருக்கும், சுடர் வெளிவரும் முனையான நாசிலின் நுனிக்கும் இடையில்தான் இருக்கிறது.

கேஸ் கட்டிங்கில் இரும்பு உருகி அறுபடுவதில்லை, எரிந்து அறுபடுகிறது. சுடர் பிளேட்டை ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடேற்றும். அதற்குப் பிறகு இரும்பை எரிப்பதும், எரிந்த கசடை அடிவழியாகத் தள்ளுவதும் நாசிலின் நடுத்துளையில் வரும் கட்டிங் ஆக்சிஜன்தான். அது சுத்தம் குறைந்தோ, அழுத்தம் குறைந்தோ, கோணலாகவோ வந்தால் வேகத்தை மாற்றிப் பயனில்லை.

ஆக்சிஜன் 99.5 சதவீதமாவது சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு சதவீதம் குறைந்தாலே வெட்டும் வேகத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். 95க்குக் கீழே போனால் வெட்டே விழாது. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று சிலிண்டர் மாற்றியதும் மக்கர் செய்தால், வேறொரு சிலிண்டரைப் போட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

அழுத்தத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வால்வு மூடியிருக்கும்போது ரெகுலேட்டர் கேஜ் 6 பார் காட்டும். அதை நம்பாமல், கட்டிங் ஆக்சிஜனைத் திறந்து, அது ஓடும்போது கேஜைப் பாருங்கள். நாசில் அட்டவணையில் போட்டிருக்கும் அழுத்தம், நாசில் மாட்டும் டார்ச்சின் வாயில், ஓட்டத்தில் இருக்க வேண்டியது. 8 மி.மீ. ஹோஸ் நீளமாக ஓடினால் வழியிலேயே அழுத்தம் இறங்கிவிடும். கனத்த பிளேட்டுக்கு 10 மி.மீ. ஹோஸ் போட்டு, டார்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு கேஜ் வைப்பது பெரிய செலவல்ல. 100 மி.மீ. பிளேட் வெட்ட மணிக்குச் சுமார் 10 கன மீட்டர் ஆக்சிஜன் வேண்டும். ஒரு சிலிண்டரில் இருப்பதே 7 கன மீட்டர். ஒற்றைச் சிலிண்டரை வைத்துக்கொண்டு நீளமான வெட்டைத் தொடங்கவே கூடாது, பல சிலிண்டர்களை ஒன்றாக இணைக்கும் மேனிஃபோல்டு வேண்டும். சுடருக்கு எரியும் எல்பிஜி பக்கமும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில்கூட சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்துச் சில்லிட்டால், உள்ளே போதிய கேஸ் ஆவியாகவில்லை என்று பொருள். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணையுங்கள். சிலிண்டரை நெருப்பில் காட்டும் பழக்கம் உயிருக்கே ஆபத்து.

நாசிலைச் சோதிப்பது எளிது. சுடரைப் பற்றவைத்து, கட்டிங் ஆக்சிஜனைத் திறந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். நடுவில் வரும் ஓட்டம் நீளமாக, கம்பி மாதிரி நேராக இருக்க வேண்டும். விரிந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஆணியாலோ வெல்டிங் கம்பியாலோ குத்தினால் துளை சிதைந்து நாசிலே வீணாகும். அதே அளவு நாசில் கிளீனரை நேராக விட்டு எடுத்தால் போதும். கழற்றி வைத்த ஹோஸ் வாயை மூடாமல் விட்டால் செம்மண் புழுதி உள்ளே போய் நாசிலை அடைக்கும். அசிட்டிலின் நாசிலை எல்பிஜிக்கு மாட்டுவதும் தவறு. சுடருக்கு ஒரு பங்கு எல்பிஜி ஏறத்தாழ நான்கு பங்கு ஆக்சிஜன் கேட்கும். அசிட்டிலினுக்கு ஒன்றே கால் பங்கு போதும்.

நடுப் பிளேட்டில் துளை போடும்போதுதான் நாசில்கள் அதிகம் பாழாகின்றன. சூடேற்ற ஒரு நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம், பொறுக்க வேண்டும். துளையிடும்போது பிளேட்டுக்கு மேல் நாசில் நிற்கும் உயரத்தை வெட்டும் உயரத்தைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு வைத்து, ஆக்சிஜனை மெதுவாகத் திறந்து, டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே துளைத்தால் கசடு பின்பக்கம் வழிந்துவிடும். குவிந்த கசடைத் தாண்டும் அளவுக்கு லீட்-இன் (துளையிலிருந்து வெட்டுக் கோட்டுக்குப் போகும் வழி) நீளமாக இருக்கட்டும். 100 மி.மீ. பக்கம் போனால் ஓரத்திலிருந்தே தொடங்குங்கள், அல்லது டிரில்லிங்கில் 10, 12 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து துருப் பொருக்கு ஏறிய பிளேட்டானால், வெட்டு போகும் வழியை முதலில் சுரண்டிக் காய வைக்க வேண்டும்.

இவ்வளவும் சரியான பிறகே வேகத்துக்கு வாருங்கள். 50 மி.மீ.க்கு நிமிடத்துக்கு 250 முதல் 300 மி.மீ., 100 மி.மீ.க்கு 150 முதல் 200 மி.மீ. ஏறத்தாழப் பொருந்தும். வெட்டு முகத்தின் கோடுகள் அடியில் மிகவும் பின்னோக்கி வளைந்தால் வேகம் அதிகம். மேல் விளிம்பு உருகி உருண்டால் சுடர் அதிகம், அல்லது வேகம் குறைவு. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே குழி விழுந்தால் ஆக்சிஜன் அழுத்தம் கூடுதல். ஒரே பக்கம் சரிவு வந்தால் மூலைமட்டம் வைத்து டார்ச்சை நேராக்குங்கள்.

இஎன்8 போன்ற கார்பன் கூடிய பிளேட்டைச் சுமார் 200 டிகிரிக்குச் சூடாக்காமல் வெட்டினால் விளிம்பு இறுகிவிடும். பிறகு டிரில் பிட் ஏறாது.

கேஸ் முகவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆக்சிஜனின் சுத்த அளவைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். பட்டறைக்காரர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நம் பகுதி ஐடிஐக்கள் வெல்டர் பயிற்சியில், ஓட்டத்தில் அழுத்தம் பார்ப்பதையும் நாசில் சோதனையையும் மாணவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். சுடர் பின்னோக்கி ஹோஸுக்குள் பாய்வதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு ஹோஸிலும் இல்லாத மெஷினில் எந்த மாணவரையும் நிறுத்தக் கூடாது.

இப்படிக்கு,
கேஸ் கட்டிங் தொழிலாளர்கள்,
காரைக்குடி