மென்மையைப் பார்த்து ஏமாந்தோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதானவர்களுக்கு மெத்தை என்றாலே எல்லோரும் மென்மையைத்தான் பார்க்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். எனக்கு 68 வயது, என் கணவருக்கு 74. நன்றாக அமுங்கும் மெத்தை ஒன்றை வாங்கினோம். படுத்தால் சுகம்தான், ஆனால் புரண்டு படுக்க முடியவில்லை. குழிக்குள் விழுந்த மாதிரி இடுப்பு உள்ளே போய்விடும். இரவில் அவர் 3 முறையாவது எழுந்திருப்பார். கையை ஊன்றினால் ஓரம் சரியும், என் பக்கமும் சேர்ந்து ஆடும். அப்புறம் எனக்கு எங்கே தூக்கம்?

இப்போது கட்டில் ஒன்று, மெத்தை இரண்டு. அவருக்குக் கெட்டியானது. நான் ஒருக்களித்துப் படுப்பவள், அதனால் எனக்குத் தோள் சற்றே அமுங்குகிற மாதிரி. தாழ்வாக இருந்த கட்டிலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினோம். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிகிறது, முழங்கால் இடுப்புக்கு மேலே போவதில்லை; அவரால் பிடிமானம் இல்லாமல் எழ முடிகிறது. நடுவில் இடைவெளி விழுந்துவிட்டதே என்று மகள் சிரித்தாள். 44 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களை 2 அங்குலம் என்ன செய்துவிடும்?

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெத்தையைக் கையால் அழுத்திக் காட்டாதீர்கள். இருவரையும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் படுக்க விடுங்கள்.

இப்படிக்கு,
மூத்த வாசகி ஒருவர்